கோலுக்குப் பின்னால் நின்றேன்

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரிக் கால்பந்து அணி அரையிறுதியில் தோற்றது. அதற்கு நானும் ஒரு காரணம். எழுபதைத் தாண்டிய, பந்தைக் காலால் தொட்டுப் பல காலமான ஒரு ரசிகனுக்கு அதில் என்ன பங்கு இருக்க முடியும் என்று தோன்றலாம். இருந்தது. அந்தத் தோல்விக்காகக் கோல்கீப்பரைத் திட்டியவர்கள் உண்டு, பி.டி. சாரைக் குறை சொன்னவர்கள் உண்டு. என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரகடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பொறியியல் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகும் வீடு மாறவில்லை. மாலையானால் கல்லூரி மைதானத்துக்குப் போய்விடுவேன். மைதானம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். செம்மண் தரை, ஒரு பக்கம் சில சிமெண்டுப் படிகள், எதிர்ப்பக்கம் காம்பவுண்டுச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்று. அதன் பிரஸ் மெஷின் விழுந்து எழும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். அங்கே வேலை செய்யும் அசாம், மணிப்பூர்ப் பையன்கள் லீவு நாளில் சுவரின் மேல் ஏறி உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார்கள். கால்பந்து தெரிந்தவர்கள். எங்கள் பையன்கள் பந்தைத் தவறவிட்டால் சிரிப்பார்கள். நிறையச் சிரித்தார்கள்.

ஏனென்றால் எங்களுடையது தோற்கும் அணி. ஆண்டுதோறும் மண்டலப் போட்டிக்குப் போகும், முதல் சுற்றில் தோற்கும், மெஸ்ஸில் மதியச் சோறு ஆறுவதற்குள் திரும்பி வந்துவிடும். நான் வேலையிலிருந்த காலத்தில் யாரோ என்னை விளையாட்டுக் குழுவில் சேர்த்துவிட்டார்கள். அப்படி ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. படியில் உட்கார்ந்து பார்க்கும் ஒரே ஆள் நான். தோற்று வரும் பையன்களிடம், "அடுத்த வருஷம் பாருங்கடா" என்பேன். "சரி சார்" என்பார்கள். அடுத்த வருடம் வேறு பையன்கள் இருப்பார்கள்.

இதில் ஒரு சுகம் இருந்தது. அந்த அணியின் மேல் நம்பிக்கை வைத்திருக்கும் ஆள் ஊரிலேயே நான் ஒருவன்தான் என்ற நினைப்பு. அது எனக்கென்று பட்டா போட்ட மனை மாதிரி இருந்தது. விலை போகாத மனை என்பதால் பக்கத்தில் யாரும் வரவில்லை. அணி தேற வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன், அதில் பொய் இல்லை. தேறினால் மற்றவர்களும் வருவார்களே என்று யோசித்துப் பார்த்ததில்லை.

புதிதாக இளவயதுக்காரர் ஒருவர் பி.டி. சாராக வந்தார். விடியற்காலையில், கம்பெனி பஸ்கள் வரிசை கட்டுவதற்கு முன்னால், பையன்களை சர்வீஸ் ரோட்டில் ஓடவிட்டார். அதே சமயம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒருவன் மெக்கானிக்கலில் சேர்ந்தான். ஒல்லியான உடம்பு, நீளக் கைகள். கடற்கரை ஊரில் மணலில் விழுந்து விழுந்து பந்து பிடித்துப் பழகியவன். அவன் கோலில் நின்ற பிறகு எங்கள் அணிக்கு முதுகெலும்பு வந்தது. பயிற்சி முடிந்ததும் தண்ணீர் பாட்டிலோடு வந்து என் பக்கத்தில் உட்காருவான்.

"இன்னைக்கு எப்படி சார்?"

"வலது பக்கம் விழறப்போ யோசிக்கிறே."

"ஆமா சார். பழைய அடி ஒண்ணு இருக்கு."

எனக்குக் கால்பந்து நுணுக்கம் தெரியும் என்று அவன் நினைத்தானா, கிழவனிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று வந்தானா, தெரியாது. எனக்கு அது போதுமாக இருந்தது. மோசமாகத் தோற்றவர்கள் ஒரே ஒரு கோலில் தோற்றார்கள். பிறகு சமன் செய்தார்கள். சுவரின் மேல் இருந்தவர்கள் சிரிப்பதை நிறுத்தினார்கள். ஒரு நாள் கைதட்டினார்கள்.

அந்தப் பெருமையில்தான் என் சம்பந்தியை மைதானத்துக்குக் கூப்பிட்டேன். நானேதான் கூப்பிட்டேன்.

சம்பந்தி என்றால் என் மகளின் மாமனார். மண்ணூர்க்காரர். நிலம் கம்பெனிக்குப் போன பிறகு, மிச்ச இடத்தில் வரிசையாக அறைகள் கட்டி வேலைக்கு வரும் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். என் வயதுதான். குரல் மட்டும் முப்பது வயதுக்காரர் குரல். எங்கே போனாலும் அங்கே இருப்பவர்கள் அவரைச் சுற்றி வந்துவிடுவார்கள். மகள் கல்யாணத்தன்று பெண்ணைப் பெற்ற நான் பந்தியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன், அவர் சமையல்காரர்கள் நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அன்றே எனக்குள் ஏதோ லேசாக உரசியது. சம்பந்தி ஆயிற்றே என்று விட்டுவிட்டேன்.

மைதானத்துக்கு வந்தவர் படியில் துண்டைப் போட்டு உட்கார்ந்து சிறிது நேரம் பார்த்தார்.

"இன்னா சம்பந்தி, எல்லாம் காலால ஒதைக்கிறானுங்கோ, அவன் மட்டும் இன்னாத்துக்கு கையால புடிக்கிறான்? யாரும் கேக்க மாட்டானா?"

"அவன் கோல்கீப்பர். அவனுக்கு மட்டும் அனுமதி உண்டு."

"அப்போ அவந்தான் வூட்டுக்குப் பெரிய புள்ள."

கேட்டுக்கொண்டிருந்த மாற்று ஆட்டக்காரர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். நான் அத்தனை வருடம் அதே படியில் உட்கார்ந்திருந்தும் யாரையும் அப்படிச் சிரிக்க வைத்ததில்லை. அன்று பந்து எங்கள் பக்கம் வந்தபோதெல்லாம் அவர் எழுந்து நின்று, "உடாதே! உடாதே நைனா!" என்று கத்தினார். சுவரின் மேல் இருந்த மணிப்பூர்ப் பையன்களும் "உடாதே, உடாதே" என்று திருப்பிக் கத்தினார்கள். அன்று எங்கள் அணி ஜெயித்தது. நட்புக்காக ஆடிய ஆட்டம்தான், ஆனாலும் ஜெயித்தது. சம்பந்தி போனில் பேசி ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து எல்லோருக்கும் பிரியாணி வரவழைத்தார். கிளம்பும்போது ஒருவன் அவர் தோளில் கை போட்டு, "தாத்தா, அடுத்த மேட்சுக்கும் வந்துடுங்க" என்றான்.

"தாத்தாவா? அண்ணேன்னு சொல்றா" என்றார் அவர். அன்றிலிருந்து அவர் அண்ணன். நான் சார். என் தோளில் ஒருவன்கூடக் கை போட்டதில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், "ஆஃப்சைடுன்னா என்னன்னு தெரியாது, அந்த மனுஷனுக்கு இவ்வளவு கூத்து" என்றேன்.

"பிரியாணி நல்லா இருந்துச்சா?" என்றாள் அவள்.

மண்டலப் போட்டி தொடங்கியது. முதல் சுற்றுக்குச் சம்பந்தி ஒரு வேன் ஏற்பாடு செய்துவிட்டார். வேனின் சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம், முன்னால் சூடம் ஏற்றிய பூசணிக்காய். ஆட்டக்காரர்களை நிற்க வைத்து மூன்று சுற்றுச் சுற்றி ரோட்டில் உடைத்தார். தூத்துக்குடிப் பையன் சிலுவைக்குறி போட்டுக்கொள்கிறவன், எலுமிச்சம்பழத்தையும் அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் ஓரமாக நின்று பி.டி. சாரிடம், "இன்ஜினியரிங் காலேஜ்" என்றேன். அவர் பட்டும் படாமலும் சிரித்தார்.

அன்று எனக்குச் சர்க்கரை பார்க்கும் நாள். ஆட்டத்துக்குப் போகவில்லை. ஜெயித்தார்கள். முதல் சுற்றைத் தாண்டிய எங்கள் முதல் அணி. நான் இல்லாத இடத்தில் தாண்டியது. போட்டோவில் நடுவில் சம்பந்தி, கழுத்தில் மாலை.

அடுத்தது பயிற்சி ஆட்டம் ஒன்று. சம்பந்தி கல்யாணத்துக்குப் போயிருந்தார், நான் போனேன். தோற்றோம். அதற்கடுத்தது இரண்டாம் சுற்று. சாலையில் கன்டெய்னர் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டதில் என் பஸ் தாமதம். ஒரு கோல் முன்னிலையில் எங்கள் பையன்கள் ஆடிக்கொண்டிருக்கும்போது உள்ளே நுழைந்தேன். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவும் எதிரணி கோல் போடவும் சரியாக இருந்தது. கடைசியில் பெனால்டியில் தப்பித்து ஜெயித்தோம் என்பது வேறு விஷயம். திரும்பி வரும்போது வேனில் பின்சீட்டிலிருந்து ஒருவன் சொன்னான்:

"ஃபிசிக்ஸ் சார், நீங்க எங்களுக்கு தெய்வம் சார். ஆனா மேட்சுக்கு மட்டும் வராதீங்க சார்."

வேன் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். நிகழ்தகவைப் பற்றிச் சொன்னேன். காசைச் சுண்டினால் தலை தொடர்ந்து விழலாம், அதற்கும் பார்க்கிறவனுக்கும் தொடர்பில்லை என்றேன். "சரி சார், சரி சார்" என்றார்கள். சம்பந்தி திரும்பிப் பார்த்து, "தலையோ பூவோ சம்பந்தி, நீங்க வர்றப்போ பந்துக்கு ரூட்டு தெரிஞ்சிடுது" என்றார். மறுபடியும் சிரிப்பு.

எங்கள் ஊரில் இதை ராசி என்பார்கள். சிலர் கை ராசி, சிலர் கால் ராசி. கடை திறக்க, கிணறு தோண்ட, புது பைக்கை முதலில் ஓட்ட என்று எல்லாவற்றுக்கும் ராசியான ஆள் ஒருவர் இருப்பார். ராசி இல்லாத ஆளும் இருப்பார். அவரிடம் அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், கூப்பிடாமல் விட்டுவிடுவார்கள். வாழ்நாள் முழுக்க நான் கேலி செய்த விஷயம். அது என் மேலேயே வந்து உட்காரும் என்று எதிர்பார்க்கவில்லை. வேடிக்கைப் பேச்சு மெல்ல வேடிக்கை இல்லாமல் போயிற்று. பயிற்சி முடிந்து என் பக்கத்தில் வந்து உட்காரும் கோல்கீப்பர் இப்போது சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்தான். என்னைப் பார்த்தால் சிரிப்பான், ஆனால் ஆட்டம் தொடங்கும் நேரத்தில் நான் இருக்கும் திசையைத் தவிர்ப்பான். எனக்குத் தெரிந்தது.

பொறாமை என்பது மற்றவர் பணத்தைப் பார்த்தோ வீட்டைப் பார்த்தோ வருவது என்று நினைத்திருந்தேன். சம்பந்தியின் அறைகள், கார் எதுவும் என்னை ஒரு நாளும் தொந்தரவு செய்ததில்லை. கோல்கீப்பர் அவர் பாட்டிலில் தண்ணீர் குடித்ததைப் பார்த்த அன்று இரண்டு வேளை சரியாகச் சாப்பிடவில்லை. அணி ஜெயித்த செய்தி வரும்போது முதலில் மகிழ்ச்சி வரும், அடுத்த நொடியே அது அவர் வெற்றியாகிவிடும். அவர் வருவதற்கு முன்பே தேறத் தொடங்கிய அணி இது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னேன். மருந்துக் கடைக்காரரிடம்கூடச் சொன்னேன். அவர் சில்லறையைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்.

அரையிறுதிக்கு முன் சம்பந்தி வீட்டுக்கு வந்தார். வல்லக்கோட்டை முருகன் கோயில் பிரசாதம் கையில் இருந்தது. அணி பெயரில் அர்ச்சனை செய்திருக்கிறார். என் மனைவியிடம் நலம் விசாரித்தார், பேத்தி பள்ளிக்கூடம் பற்றிப் பேசினார். அப்புறம் தொண்டையைச் செருமினார்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்கக் கூடாது. பசங்க ஒண்ணு கேக்குறானுங்கோ. உங்களாண்ட கேக்கக் கூச்சம். நான் சொல்றேன்னு வந்தேன்."

"சொல்லுங்க."

"இந்த ஒரு மேட்சுக்கு மட்டும் நீங்க வர வேணாம். நான் போன்ல லைவா காட்டுறேன். வூட்லயே குந்திக்கினு ஜாலியா பாருங்க. பைனலுக்குப் போய்ட்டோம்னா மாலை மரியாதையோட இட்டுகினு போறேன். சத்தியமா."

"அதுக்கென்ன, எனக்கு மூட்டு வலி. நானே வரதா இல்லை" என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. என் கையைப் பிடித்து, "நீங்க படிச்சவரு. புரிஞ்சிக்குவீங்கன்னு தெரியும்" என்றார். அதில் கேலி இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவர் போன பிறகு மனைவி சொன்னாள்: "ரெண்டு பேரும் பேரப்புள்ள எடுத்தாச்சு. ஒரு பந்துக்கு இந்த அக்கப்போரா? மூட்டு வலியாம் மூட்டு வலி."

அரையிறுதி மறைமலை நகர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நடந்தது. மதியம் சாப்பிட்டுப் படுத்தேன். சம்பந்தி சொன்னபடியே போனில் காட்டினார். படம் விட்டுவிட்டு வந்தது. பாதி நேரம் அவர் காதும் வானமும்தான் தெரிந்தன. எங்கள் அணி ஒரு கோல் போட்டது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பையன்கள் ஓடி வந்து போனைப் பிடித்திருந்த அவரைத் தூக்கினார்கள். படம் சுழன்றது. நான் போனை அணைத்து, சட்டையை மாட்டிக்கொண்டு, மனைவியிடம் மருந்து வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

போகும் வழியெல்லாம், கூட்டத்தோடு ஓரமாக நின்று பார்க்கப்போகிறேன் என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே புதுக் கார்களை அடுக்கிய டிரெய்லர் ஒன்று எங்கள் பஸ்ஸோடு வெகு தூரம் கூடவே வந்தது. அதைப் பார்த்தபடி இருந்தேன். மனதில் வேறு ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது, அதை நான் கவனிக்காதது போல இருந்தேன்.

போய்ச் சேர்ந்தபோது இரண்டாம் பாதி ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றுக்குப் பூஜ்யம், நாங்கள் முன்னிலை. சம்பந்தி மைதானத்தின் மறுபக்கத்தில், எங்கள் பையன்கள் பெஞ்சுக்குப் பக்கத்தில் மேளக்காரனோடு நின்றார். கேட்டுக்குப் பக்கத்திலேயே கூட்டம் இருந்தது, அங்கே நின்றிருந்தால் யாரும் என்னைப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் அங்கே நிற்கவில்லை. மெல்ல நடந்து கார்னர் கொடியைச் சுற்றி, எங்கள் கோல் வலைக்குப் பின்னால், சரியாக நடுவில் போய் நின்றேன். அங்கே வேறு யாரும் இல்லை.

ராசி பொய் என்று எனக்குத் தெரியும். அதை நம்புகிறவனின் கை நடுங்கும் என்பதும் எனக்குத் தெரியும். படித்த படிப்பை நான் பயன்படுத்தியது அந்த இடத்தில்தான்.

பந்து வெளியே போயிற்று. கோல்கிக் எடுப்பதற்காகப் பந்தை வாங்கத் திரும்பிய கோல்கீப்பர் என்னைப் பார்த்தான். அப்போதுகூட நான் விலகியிருக்கலாம். கையைத் தூக்கி அசைத்தேன். பார்க்கிறவர்களுக்கு உற்சாகப்படுத்துவது போல இருந்திருக்கும். அவன் முகம் வெளிறியதைப் பார்த்தேன். பந்தை வைத்தான், இரண்டடி பின்னால் போனான், மறுபடியும் ஒரு முறை திரும்பிப் பார்த்தான். உதைத்த பந்து தாழ்வாக, நேராக எதிரணி ஆள் காலுக்கே போனது. அவன் இரண்டே தட்டில் கோல் போட்டான். பந்து வலையை என் மார்புக்கு முன்னால் தள்ளிக்கொண்டு வந்து நின்றது.

அந்தப் பந்து வரும்போது என் மனம் சொன்ன வார்த்தை "போடு" என்பது. எதிரணி ஆளைப் பார்த்துச் சொன்னது. எத்தனையோ வருடம் நான் காத்திருந்த அணிக்கு எதிராகச் சொன்னது. சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க முடியாது. அடுத்து ஒரு கார்னர். வெளியே வந்து பிடிக்க வேண்டிய பந்துக்குக் கோல்கீப்பர் கோல் கோட்டை விட்டு நகரவில்லை. இரண்டுக்கு ஒன்று. அதோடு ஆட்டம் முடிந்தது.

அவன் எழுந்திருக்கவில்லை. முகத்தைத் தரையில் வைத்து முழங்காலில் இருந்தான். மறுபக்கத்திலிருந்து சம்பந்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவனை நோக்கி ஓடி வந்தார். அந்த வயதில் அப்படி ஓடினார். நான் பின்கேட் வழியாக வெளியே வந்து, ஷிப்ட் முடிந்து போகும் கூட்டத்தில் கலந்துவிட்டேன்.

மறுநாள் சம்பந்தி வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்து அழுதார். "முடி எறக்குறேன்னு முருகனுக்கு வேண்டிக்கினு இருக்கணும், வெறும் அர்ச்சனையோட வந்துட்டேன்" என்றார். "நீங்க கூட இருந்திருந்தா எனக்காச்சும் கொஞ்சம் தைரியமா இருந்திருக்கும் சம்பந்தி." என் மனைவி அவருக்குக் காபி கொடுத்தாள். முதல் நாள் மாலை நான் மருந்து இல்லாமல் வீடு திரும்பியதை அவள் கவனித்திருந்தாள் போலிருக்கிறது. என் பக்கம் ஒரு முறை பார்த்தாள்.

பையன் யாரிடமும் சொல்லவில்லை. என்னைப் பார்த்ததைச் சொல்லியிருந்தால் அவன் மேல் விழுந்த பேச்சில் பாதி என் மேல் விழுந்திருக்கும். பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் அன்று அந்த மைதானத்தில் இருந்தார்கள் என்பதும், அவன் பெயர் அவர்கள் பட்டியலில் ஏறவில்லை என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அது தெரிந்த அன்றுதான் சந்தோஷம் முழுதாகப் போயிற்று.

தேர்வுகள் முடிந்து ஊருக்குப் போவதற்கு முன் ஒரு நாள் காலை அவனே வீட்டுக்கு வந்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன் சார்" என்றான்.

எனக்கு விளங்கவில்லை. "நீ எதுக்கு?"

"உங்கள வரக்கூடாதுன்னு நாங்க சொல்லியிருக்கப்படாது. ஆசப்பட்டு வந்தீய. யாருக்கும் தெரியாம ஒதுங்கி நின்னு பாக்க வேண்டியதாப் போச்சு. எனக்கு அத நெனச்சா ஒரு மாதிரி இருக்கு சார். அந்தப் பாவத்துலதான் பந்து உள்ள போச்சுன்னு தோணிச்சு."

அப்படியே விட்டிருந்தால் அவன் பார்வையில் நான் நல்லவனாகவே இருந்திருப்பேன். விட்டுவிடலாம் என்றுதான் ஒரு கணம் நினைத்தேன். காபியோடு மனைவி வந்து நின்றாள். அவள் நிற்கும்போதே சொன்னேன்.

"நான் ஒதுங்கி நிக்கல. நீ பாக்கணும்னுதான் அங்க வந்து நின்னேன். பாத்தா உனக்குக் கை நடுங்கும்னு எனக்குத் தெரியும். நீங்க தோக்கணும்னு நெனச்சேன்."

அவன் காபியை வாங்கவில்லை. தரையைப் பார்த்தபடி கேட்டான்.

"எதுக்கு சார்?"

"எல்லாரும் அவர் பக்கம் போயிட்டீங்க."

சொன்ன பிறகு அந்தக் காரணம் எவ்வளவு சிறியது என்பது எனக்கே கேட்டது. அவன் தலையை நிமிர்த்தினான். கோபம் தெரியவில்லை. புதிதாக ஒரு ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"அப்போ நீங்களும் அந்த ராசிய நம்புனீயளா சார்?"

இல்லை, நீ நம்புகிறாய் என்பதைத்தான் நம்பினேன் என்று பதில் சொல்லத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டேன். வகுப்பில் சொல்வது போல இருந்தது. அவன் எழுந்து, "வாரேன் சார்" என்று போய்விட்டான். மனைவி அந்தக் காபியை என்னிடம் கொடுக்கவில்லை. உள்ளே எடுத்துப் போனாள்.

அதற்குப் பிறகு மண்ணூருக்குப் போய்ச் சம்பந்தியிடமும் சொன்னேன். மொட்டை மாடியில் நின்று, தண்ணீர்த் தொட்டி கழுவ வந்தவனை விரட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. முடித்ததும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே ரோட்டைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "காபி சாப்பிடுறீங்களா சார்?"

சார் என்றார். அன்றிலிருந்து அப்படித்தான். மகள் வீட்டு விசேஷங்களில் பார்த்துக்கொள்கிறோம். வாங்க என்பார், உட்காருங்க என்பார், இலையில் இன்னொரு கரண்டி வைக்கச் சொல்வார். கிண்டல் மட்டும் இல்லை. அவர் கிண்டலை நான் அவ்வளவு வெறுத்தவன். இப்போது அது இல்லாத இடத்தில் என்னால் உட்கார முடிவதில்லை.

மைதானத்துக்குப் போவதை விட்டுவிட்டேன். புதிய கல்வி ஆண்டு தொடங்கிய பிறகு அந்தப் பையன் மறுபடியும் வந்தான். உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்று சொன்னான்.

"சாயங்காலம் பிராக்டிஸுக்கு வாங்க சார். கோலுக்குப் பின்னாடி நில்லுங்க."

"எதுக்குப்பா?"

"உங்களப் பாத்தா எனக்கு ஒண்ணும் ஆவக்கூடாது. அதுக்குப் பழகணும்."

மன்னித்துவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை. அப்படி எடுத்துக்கொள்ளவும் எனக்கு உரிமை இல்லை. வலது பக்கம் விழப் பழகியது போல இதையும் பழகிக்கொள்ளப் பார்த்தான், அவ்வளவுதான். போனேன். மாலைதோறும் வலைக்குப் பின்னால் நின்றேன். பி.டி. சார் பந்துகளை அடித்துக்கொண்டே இருப்பார், சில வலையில் மோதி என் முகத்துக்கு நேரே நிற்கும். முதல் நாட்களில் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் திரும்பிப் பார்த்தான், நிறையத் தவறவிட்டான். சுவரின் மேல் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு திரும்புவது குறைந்தது. ஒரு நாள் நான் வந்ததே அவனுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். சம்பந்தி படியில் உட்கார்ந்திருப்பார். அவரைச் சுற்றி எப்போதும் போல நாலு பேர். நான் நிற்கும் பக்கம் அவர் பார்ப்பதில்லை.

இந்த ஆண்டின் முதல் சுற்று எங்கள் மைதானத்திலேயே நடந்தது. "இன்னைக்கு பின்னாடி நிக்காண்டாம் சார், படியில இருங்க" என்று பையன் சொல்லிவிட்டான். படியில் சம்பந்திக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. அணியைப் பற்றிய பயம் அல்ல. பந்து எங்கள் கோலை நோக்கிப் போகும்போது என் மனம் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. அன்று "போடு" என்று சொன்ன, உள்ளே கிடக்கும் அந்த ஆள் போய்விட்டானா இல்லையா என்று நான் யாரைக் கேட்க முடியும்?

போயிற்று ஒரு பந்து. இடதுபக்கத்திலிருந்து உயர்ந்து, வளைந்து, தூரத்துக் கம்பத்தை நோக்கி. அவன் வலது பக்கம் பாய வேண்டிய பந்து. "புடிடா!" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். அவன் நீளக் கையின் விரல் நுனி பட்டு, பந்து கம்பத்துக்கு வெளியே போனது.

சம்பந்தி காதைத் தேய்த்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"இன்னா சார், இப்டிக் கத்துறீங்கோ? எதிர் டீம்காரன் பயந்து ஓடிடப் போறான்."

சார் என்றுதான் சொன்னார். ஆனால் கிண்டலாகச் சொன்னார்.

அன்று ஜெயித்தோம். ஆட்டம் முடிந்ததும் பையன்கள் ஓடி வந்தது அவரிடம்தான். கோல்கீப்பரும்தான். அவர் தோளில் கை போட்டு, மண் படிந்த முகத்தை அவர் துண்டில் துடைத்துக்கொண்டான். பக்கத்தில் நின்று பார்த்தேன். எரிந்தது. பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய். ஆனால் அவன் கையை விட்டுப் பந்து நழுவ வேண்டும் என்று அன்று ஒரு கணமும் நான் நினைக்கவில்லை. இந்த முறை இறுதி ஆட்டம் வரை போய்விடுவார்கள் என்றுதான் தோன்றுகிறது.

அடுத்த சுற்று வெளியூரில். வேனில் இடம் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. எந்தப் பஸ் ஏறினால் ஆட்டம் தொடங்குவதற்கு முன் போய்ச் சேரலாம் என்று மட்டும் பி.டி. சாரிடம் விசாரித்து வைத்திருக்கிறேன்.